இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நுரையீரலும்

என் மச்சினனை ஸ்கேன் சென்டரில் எல்லோரும் ‘மூச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சி.டி. மெஷினை இயக்குவது அவன் வேலை. மெஷினுக்குள்ளேயே பதிவு செய்த குரல் ஒன்று உண்டு. அது பேசுகிற தோரணையில் உள்ளே படுத்திருப்பவர்கள் இன்னும் கலவரமாகிவிடுவதால், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு மைக்கில் அவனே சொல்லிவிடுவான்: “மூச்ச இழுங்க... பிடிங்க... ம், விடுங்க.” நாள் முழுக்க ஊராருடைய மூச்சை இழுத்து விடச் சொல்லிச் சொல்லி, பாவம், அவன் பெயரே அதுவாகிவிட்டது.

எனக்கு அங்கே ‘சிஸ்டம்’ என்று பெயர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். நான் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் “சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, ஒரு டீ ஊத்துங்க” என்பார்கள். அந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டுச் சுவருக்கே சலித்திருக்கும். பாதி நேரம் அதைச் சொன்னவன் நானேதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு மத்தியானம் மெஷினுக்குள் படுத்திருந்தவள் என் மனைவி. மூச்சுவின் அக்கா. விடாத இருமல். இரண்டு டாக்டர் மாற்றி, மூன்று சிரப் மாற்றி, கடைசியில் “உங்க இடத்துலயே ஒரு படம் எடுத்துப் பாத்துடுங்களேன்” என்று சொல்லிவிட்டார்கள்.

“மூச்ச இழு அக்கா... பிடி...” என்றான் மூச்சு, மைக்கில்.

பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மேஜை நகர்ந்தது, மெஷின் சுற்றியது, நின்றது. அவள் பிடித்த மூச்சைப் பிடித்தபடியே கிடந்தாள். கடைசியில் தானாகவே ஊதித் தள்ளிவிட்டு, “டேய், விடுன்னு யாருடா சொல்லுவா? பக்கத்து வீட்டுக்காரனா?” என்று கத்தினாள். வெளியே நின்ற நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் எதற்கும் சிரிப்பேன்.

மூச்சு சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பாமலே, “மாமா, அக்காவ ஹால்ல உக்கார வைங்க. பிஸ்கட் ஏதாவது வாங்கிக் குடுங்க” என்றான். அவன் தன் அக்காவுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவளுடையதைப் பிடுங்கித் தின்கிற ரகம் அவன்.

கொஞ்ச நேரத்தில், படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். படம் படிக்கிற அறையில் எப்போதும் விளக்கு இருக்காது. இரண்டு பெரிய மானிட்டர் வெளிச்சம் மட்டும்தான். அங்கே எனக்கென்று இருக்கிற இடம் மேஜைக்கு அடியில். கேபிளைத் தேடிக்கொண்டு தவழ்வேன், அவர் காலை நகர்த்திக்கொள்வார். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க சிஸ்டம்” என்றார். இது கேபிள் விஷயம் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“இந்த எடம் பாத்தீங்களா. வலது பக்கம், நடுவுல.”

கறுப்பு நுரையீரலுக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி. மிளகு அளவு. மானிட்டரில் பிக்சல் செத்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போகும். அவர் படத்தை நகர்த்தினார். புள்ளியும் கூடவே நகர்ந்தது.

“பழசா இருக்கலாம். எப்பவோ வந்த நிமோனியா விட்டுட்டுப் போன தழும்பா இருக்கலாம். போன வருஷம் ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தப்ப இங்கதானே எடுத்தீங்க? அப்ப இருந்த டாக்டர் விலா எலும்புல விரிசல்னு மட்டும் எழுதியிருக்கார். குடுத்த ஃபிலிம்லயும் எலும்பு தெரியற மாதிரிதான் போட்டிருக்கு. எனக்கு அந்த முழுப் படம் வேணும். அதுல இதே புள்ளி இதே அளவுல இருந்துச்சுன்னா, இருமலுக்கு மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

“இல்லன்னா டாக்டர்?”

“இல்லன்னா, ஒரு வருஷத்துக்குள்ள வந்திருக்குன்னு அர்த்தம். ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பாக்கணும். பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல இருக்கு. தேவையில்லாம அந்த ஊசிய நான் உள்ள விட மாட்டேன். பழைய படத்தக் கொண்டு வாங்க.”

மனைவியின் நெஞ்சில் எந்தப் புள்ளியும் இருக்கக் கூடாது என்றுதான் யாரும் வேண்டிக்கொள்வார்கள். நான் ஒருத்தன்தான், போன வருஷமே அங்கே ஒரு புள்ளி இருந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு படியிறங்கினேன்.

என் அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். தலையைத் தூக்காமல் வாழ்வது எப்படி என்று கற்றுக்கொள்ள நல்ல இடம். பக்கவாட்டுத் தகடு கழற்றிய ஒரு சிபியூ, அதில் ஸ்க்ரூ தொலைந்து பல நாளாகிறது. உள்ளே மதர்போர்டு, அதன் மேல் தூசி படிந்த ஃபேன், கரகரக்கும் பவர் சப்ளை. அதன் தலையில் எப்போதும் ஒரு டீ கிளாஸ்.

மெஷின் எடுக்கிற படங்கள் மெஷினோடு இருக்கிற கம்ப்யூட்டரில் கொஞ்ச காலம்தான் தங்கும். அங்கே இடம் நிறைந்ததும் பழையவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அங்கே அழித்துவிடுவேன். கையடக்கமாக, கறுப்பாக, ஒன்றைப் போலவே இன்னொன்று, இரண்டு வைத்திருந்தேன். ஒன்று அசல், ஒன்று நகல். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றது காப்பாற்றும். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்கக் கூடாது, ஓடும்போது அசைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவரையும் அந்தத் தாளுக்கு முன்னால் நிறுத்தி உபதேசம் செய்யாமல் விட்டதில்லை. மூச்சு அதற்கு ‘மாமாவின் பிரசங்கம்’ என்று பெயர் வைத்திருந்தான்.

அந்தத் தாளுக்குக் கீழேதான் இரண்டையும் செருகினேன்.

அசல் கொஞ்சம் மெதுவாகத் திறந்தது. வேறு நாளாக இருந்தால் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பேன். அன்றைக்குக் கை பரபரத்தது. நகலையும் எடுத்து, பின்பக்கத்து யூ.எஸ்.பி.யில் செருகி, இரண்டையும் சிபியூ மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது முதலில் திறக்கிறதோ அது. இண்டர்காம் அடித்தது. “சிஸ்டம், கிடைச்சுதா?” என்று டாக்டரம்மா. பதில் சொல்ல அவசரமாக எழுந்தேன். தலை படியில் இடித்தது. தடுமாறியதில் முழங்கால் கேபிளில் மாட்டியது.

இரண்டும் சேர்ந்து விழுந்தன. முழங்கால் உயரம்தான். ஆனால் கீழே ஓடு பதித்த தரை.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே ஒரு முனை, தட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதந்துகொண்டே படிக்கும். ஓடாதபோது விழுந்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. ஓடும்போது விழுந்தால் முனை தட்டில் இடிக்கும். இடித்த இடத்தில் இருந்தது போச்சு. அதற்குப் பிறகும் ஓட்டினால் அந்த முனையே உழுதுகொண்டு போகும்.

இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்?

“தேடிட்டிருக்கேன் டாக்டர்” என்று இண்டர்காமில் சொன்னேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

நகலின் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டருக்கு அது இருப்பதே தெரியவில்லை. அசல் ஒரு நொடி திரையில் தலைகாட்டி மறைந்தது. பிறகு ஆரம்பித்தது அந்தச் சத்தம். டக். கொஞ்சம் இடைவெளி. டக். ஆணியால் மெதுவாக யாரோ உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி.

பிடுங்கிவிட்டேன். சத்தம் நின்றது. 

கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சு வந்தான். வந்ததும் கதவைச் சாத்தினான்.

“மாமா, நான் பாத்தேன்.”

“கீழ போட்டதையா?”

“எதக் கீழ போட்டீங்க?” என்றவன், என் கையில் இருந்ததைப் பார்த்தான். பிறகு சுவரில் இருந்த தாளைப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ரெண்டுமா மாமா?” என்று மட்டும் கேட்டான்.

“ரெண்டும்.”

மூலையில் இருந்த அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். “அக்கா படத்துல அந்தப் புள்ளி வந்ததும் எனக்கு வாயே வரல. எத்தன பேருக்கு எடுத்திருக்கேன்... வாயே வரல மாமா.”

“சரி, இப்ப அழாதே. இங்க ஏற்கெனவே ஈரம்.”

“ஃப்ரிட்ஜுல வச்சா சரியாயிடும்னு ஒரு வீடியோல பாத்தேன்.”

“வச்சு வெளிய எடுத்தா உள்ள வேர்த்துத் தண்ணி நிக்கும். அப்புறம் உங்கக்கா நுரையீரலுக்கு ஜலதோஷம்தான் பிடிக்கும்.”

அவன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்படி ஒரு குடும்பம் எங்களுடையது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். பெரிய நகரத்தில் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். நிலாவில் இறங்கியவர்கள் மாதிரி உடையணிந்து, தூசியே இல்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து, முனையை மாற்றிப் படித்துத் தருவார்கள். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இதற்குக் கரண்டே காட்டக் கூடாது. ஏனென்றால் அந்தக் கறுப்புப் பெட்டியில் இருந்தது என் மனைவி மட்டும் இல்லை. யாருடைய தலையோ, யாருடைய இடுப்போ, எந்தக் குழந்தையின் வளைந்த முதுகோ, எல்லாம் அதில்தான். அவர்களும் ஒருநாள் வந்து பழைய படத்தைக் கேட்பார்கள். நான் ஒவ்வொரு தடவை செருகுவதும் அவர்களில் யாரையாவது உழுதுவிட்டுப் போகலாம்.

இதெல்லாம் தெரிந்துதான் கையில் கேபிளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன, மாமனும் மச்சினனும் கதவச் சாத்திட்டு ரகசியம்?” என்று என் மனைவி குனிந்து உள்ளே வந்தாள். கையில் பாதி பிஸ்கட் பாக்கெட்டும் பிளாஸ்டிக் கவரில் போன வருஷத்து ரிப்போர்ட்டும். “டாக்டரம்மா இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க. ஏதோ நம்பர் வேணுமாமே.”

“அக்கா, நீ ஹால்லயே...”

“ஹால்ல ஏசி ஜாஸ்தியா இருக்குடா. இருமல் வருது.” மூச்சுவை எழுப்பிவிட்டு அட்டைப் பெட்டியில் தான் உட்கார்ந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பார்சல் கிடங்கில் வேலை செய்கிறவள். கூரியரில் வருகிற பெட்டியை அசைத்துப் பார்த்தே உள்ளே கண்ணாடியா இரும்பா என்று சொல்லிவிடுவாள். எங்களை அசைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

“எது ஒடஞ்சுது?”

“ஒடையலை” என்றேன். “லேசா... விழுந்துச்சு.”

“என்னது இது?”

இங்கேதான் என் கோழைத்தனம் பிரமாதமாக வேலை செய்தது. புள்ளியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதில் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். திறந்து கிடந்த சிபியூவைக் காட்டி, “இது மதர்போர்டு. எல்லாத்தையும் இதுலதான் மாட்டணும். இந்த ஃபேனுக்குக் கீழ இருக்கே, அது பிராசஸர். கணக்குப் போடறது அதுதான், பயங்கரமா சூடாகும்...”

கல்யாணமான நாளிலிருந்து என் வேலையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் அவளுக்கு அடுப்பில் ஏதாவது ஞாபகம் வந்துவிடும். அன்றைக்கு அவள் கேட்டாள். அசையாமல், ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். 

“இந்த நீட்டுப் பட்டை?”

“ராம். நீ கிடங்குல பார்சலப் பிரிக்க ஒரு மேஜை வச்சிருக்கியே, அந்த மாதிரி. வேல நடக்கும்போதுதான் அதுல சாமான் இருக்கும். கரண்டு போனா மேஜை காலி.”

“அப்ப ரேக்கு?”

“ரேக்குதான் ஹார்ட் டிஸ்க். கரண்டு போனாலும் இருக்கும். உள்ள ஒண்ணு இருக்கு. அதுல இடம் பத்தலன்னா இந்த மாதிரி வெளிய ஒண்ணு.”

“நான் இப்ப மேஜைல இருக்கேனா, ரேக்குல இருக்கேனா?”

மூச்சு தரையைப் பார்த்தான்.

“ரேக்குல” என்றேன்.

“கீழ விழுந்த ரேக்குலயா?”

“ஆமா.”

பிஸ்கட் பாக்கெட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். “சரி, தேடுங்க. எதுக்கு ரெண்டு பேரும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க.”

“தேடினா மிச்சமும் போயிடலாம். மத்தவங்க படமும் இருக்கு.”

“எத்தன பேரு?”

“ஊர்ல பாதி.”

 இருமினாள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிக்கொண்டு, வெகு நேரம் இருமினாள். “ஒரு தடவ பாருங்க” என்றாள் பிறகு. “ஒரே தடவ. எனக்காக.”

அவள் ‘எனக்காக’ என்று சொல்லி எதையும் கேட்டவள் இல்லை. செருகினேன்.

டக். டக். டிஸ்க் திரையில் வந்தது. திறந்தால் ஃபோல்டர் ஒன்றுமே தெரியவில்லை. எந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை இருந்த இடத்தில்தான் முனை இடித்திருக்க வேண்டும்.

“விலாசம் கிழிஞ்சிடுச்சு” என்றேன் அவளிடம். “பார்சல் உள்ளதான் இருக்கு. எங்கன்னு தெரியாது.”

“அதனால என்ன? எங்க கிடங்குல மழைத் தண்ணி பூந்தப்ப ஸ்டிக்கரெல்லாம் ஊறிப்போச்சு. ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தோம். தண்ணி வராத பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சோம்.”

“பின்னாலேர்ந்து படிக்கலாம் மாமா!” என்றான் மூச்சு. “நீங்கதானே பிரசங்கத்துல சொல்லுவீங்க?”

சொல்லியிருக்கிறேன். அடிபட்ட இடத்தைத் தொடாமல், கடைசியிலிருந்து முன்னோக்கி, வருவதை வாரிக்கொள்ளும் மென்பொருள் என்னிடமே இருந்தது. பயத்தில் அது மறந்து போயிருந்தது. ஒவ்வொரு படத்தின் நெற்றியிலும் ஆளின் பெயரும் நம்பரும் எழுதியிருக்கும். அட்டவணை இல்லாவிட்டாலும் அதை வைத்துப் பிடித்துவிடலாம். ரிப்போர்ட்டில் இருந்த அவள் நம்பரைக் கொடுத்து ஓட்டினேன்.

யாராரோ வந்து போனார்கள். பெயர்கள் திரையில் ஓடின, கூடவே சாம்பல் நிறத் துணுக்குகள். மூச்சு ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தான். “இது மண்ட... இது வயிறு, கல் இருக்கு... இது யாரோ முட்டி.” சில படங்கள் பாதியோடு நின்றன. கீழ்ப்பாதி வெறும் கோடுகள். சில வரவே இல்லை. ஒவ்வொரு ‘டக்’குக்கும் என் தோள் தானாக உயர்ந்தது. டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் மாதிரி கொதித்தது. தாளை மடித்து விசிறினேன். விசிறிய பிறகுதான் தெரிந்தது, அது சுவரிலிருந்து நான் கிழித்த தாள்.

“நிறுத்திடலாமா?” என்றேன்.

“இருங்க” என்றாள்.

நம்பர் பொருந்தியது. தோள்பட்டை எலும்பு வந்தது. அடுத்த படத்தில் பளீரென்று வெள்ளையாக ஒரு வளைந்த கோடு.

“ஐயோ, இது நான்தான்!” என்று அவள் கத்தினாள். “அந்த ஊக்கு! ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து ஜாக்கெட் கிழிஞ்சுபோய் ஊக்குக் குத்தியிருந்தேன். எடுக்க மறந்துட்டேன். இவன் அதோட எடுத்துட்டான்!”

“நீ வலில கத்தினே, நான் எப்படிக் கேட்பேன்?” என்றான் அவன். ஒரு கணம் மூன்று பேரும் சிரித்தோம். மாடிப்படிக்குக் கீழே அப்படியொரு சந்தோஷம். ஊக்கு மட்டும்தான் திரையில், எதற்கும் சம்பந்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

படங்கள் மெதுவாகக் கீழே இறங்கின. ஒவ்வொன்றும் உடம்பைக் குறுக்கே அறுத்த ஒரு வில்லை. மூச்சு என் தோளுக்கு மேல் குனிந்து நின்றான். “மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியுது மாமா. இதுக்குக் கொஞ்சம் கீழதான்.” அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. “இன்னும் ரெண்டு. மூணு இருக்கலாம்.”

டிஸ்க் நின்றது.

சத்தமே இல்லை. டக் கூட இல்லை. அந்தச் சத்தத்தை இத்தனை நேரம் சபித்துக்கொண்டிருந்தவன், அது திரும்ப வர வேண்டும் என்று இப்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவர் சப்ளை ஃபேன் மட்டும் கரகரத்தது. கதவு திறந்தது; டாக்டரம்மா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தரையில் நகல், மேஜையில் அசல், கையில் கசங்கிய தாளோடு நான். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

டக்.

ஒரு படம் வந்தது. இன்னொன்று. அதற்கடுத்தது, மேலிருந்து வரி வரியாகத் திரையை நிரப்பிக்கொண்டு, முழுசாக வந்தது.

வலது பக்கம். நடுவில். ரத்தக்குழாய் தடிமனாக ஒரு கிளை பிரிகிற இடம். கறுப்பு. மழைக்கு முந்தின ராத்திரி மாதிரி கறுப்பு. இலை உதிர்ந்த மரத்தின் நுனிக் கிளைகள் மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். அவ்வளவு அழகான ஒரு படத்தை நான் பார்த்ததில்லை.

“ஒண்ணுமே இல்ல!” என்றான் மூச்சு, சந்தோஷமாக. “சுத்தமா இருக்கு மா...”

நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான். 

மேலே ஒரு வில்லை, கீழே ஒரு வில்லை என்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எங்காவது ஓர் ஓரத்தில் ஒரு மிளகு, ஒரு கடுகு, வெள்ளையாக ஒரு தூசியாவது இருக்கக் கூடாதா? மானிட்டரைக் கைக்குட்டையால் துடைத்தேன். துடைத்தும் சுத்தமாகத்தான் இருந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். என் தோளில் கை வைத்தார்.

“சுத்தமா இருந்தா நல்லதுதானே?” என்றாள் என் மனைவி.

நான் வாயைத் திறந்தேன். எப்போதும் ஏதாவது ஒன்று தயாராக இருக்கும் இடம் அது. “அது வந்து... போன வருஷம் நீ வீட்ட நல்லாப் பெருக்கியிருக்கே போல, அதான்...” என்று எதையோ ஆரம்பித்தேன். அது எங்கேயும் போகவில்லை.

“விடுங்க” என்றாள். “நான் ரேக்கு பாக்கறவ. அப்ப அங்க எதுவும் இல்ல. இன்னிக்கு ஒண்ணு இருக்கு. அத எனக்குக் காட்டாம இருக்கத்தானே இவன் பிஸ்கட் வாங்கிக் குடுக்கச் சொன்னான்?” தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். “நடுவுல வந்திருக்கு. அவ்வளவுதானே?”

“ஆமாம்மா” என்றார் டாக்டரம்மா. “என்னன்னு ஊசி விட்டுப் பாத்தாத்தான் தெரியும். நாளைக்குக் காலைலயே பண்ணிடலாம்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “மொதல்ல அதப் பிடுங்குங்க. மத்தவங்களாவது மிஞ்சட்டும். நாளைக்கே இத ரிப்பேர் பண்ற எடத்துக்கு அனுப்பிடுங்க, ரெண்டையும்.”

பிடுங்கினேன். கையில் அது இன்னும் சூடாக இருந்தது. கீழே வைக்க மனசு வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டேன். மூச்சு சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

“டாக்டர், ஒண்ணு சொல்லணும்” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. “இவங்ககிட்ட சொல்லல. சொன்னா ஜோக்கடிச்சுக்கிட்டே ராத்திரி முழுக்கத் தூங்காம கெடப்பாங்க.” கைப்பையைத் திறந்து, பிஸ்கட் பாக்கெட்டுக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தாள். உருட்டி, இறுக முடிச்சுப் போட்ட கைக்குட்டை. அதற்கடியில் இன்னும் ஒன்று. “இருமும்போது ரத்தம் வருது.”

டாக்டரம்மா அதை வாங்கி, பிரித்து, வெளிச்சத்தில் பார்த்தார். வீட்டிலிருக்கிற கைக்குட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன என்று நான் சலவைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

“எப்பலேர்ந்தும்மா?”

அவள் யோசித்தாள்.

“மழ ஆரம்பிச்சதுலேர்ந்து” என்றாள்.

மழை நின்றே வெகு நாளாகியிருந்தது.